முகவரியும் வீடும்: பைபிள் மென்பொருளில் வசனம் தேடுதல் பற்றி ஒரு விமரிசனம்

ஒரு நூலை முழுசாகப் படிப்பது ஒரு வேலை. அதிலே வேண்டிய இடத்தை வேண்டிய நேரத்தில் எடுத்துப் பார்ப்பது இன்னொரு வேலை. முதலாவதற்குப் பொறுமை வேண்டும். இரண்டாவதற்குக் கருவி வேண்டும். இந்த இரண்டாவது வேலைக்காகக் கிறிஸ்தவர்கள் தங்கள் வேதத்துக்குச் செய்துவைத்திருக்கும் கருவிகளைப் பார்த்தால் எவருக்கும் ஆச்சரியம் வரும். அந்தக் கருவிகளில் கடைசியாக வந்தது கணினி மென்பொருள். "யோவான் 3:16" என்று தட்டினால் கண் இமைக்கும் நேரத்தில் அந்த வசனம் திரையில் நிற்கிறது.

"சமணனான உமக்கு இதிலே என்ன ஜோலி?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் வந்தவாசிப் பக்கத்திலிருந்து மும்பைக்கு வந்து பாத்திர வியாபாரம் செய்பவன். கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். ராத்திரி கடை அடைத்த பிறகு படித்ததுதான் என் படிப்பு. எங்கள் ஊர்ப் பக்கத்து இளைஞர்கள் சிலர் ஸ்ரீபுராணம், மேருமந்தர புராணம், நீலகேசி போன்ற நூல்களைக் கணினியில் ஏற்றி, "பைபிளுக்கு இருக்கிற மாதிரி நமக்கும் ஒரு தேடுகருவி செய்யணும்" என்கிறார்கள். நல்ல எண்ணம். ஆனால் பாத்திரம் வாங்குகிறவன் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவான். அதனால் சில வருஷங்களாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பைபிள் மென்பொருள்களை வைத்துக்கொண்டு, அவற்றில் எது கனம், எது மெல்லிசு என்று தட்டிப் பார்த்து வருகிறேன். அதன் விளைவே இக்கட்டுரை.

எண் வந்த கதை

எங்கள் கணக்குப் புத்தகங்களில் குறிப்பேட்டுக்கும் பேரேட்டுக்கும் பாலமாக "பேரேட்டுப் பக்க எண்" என்று ஒரு பத்தி உண்டு. அந்த எண் இல்லாவிட்டால் ஒரு பற்று எந்தக் கணக்கில் ஏறியது என்று கண்டுபிடிக்கப் பாதி நாள் போய்விடும். பைபிளின் அதிகார எண்ணும் வசன எண்ணும் செய்வது இதே வேலைதான்.

ஆனால் அந்த நூல்களை எழுதியவர்கள் இந்த எண்களைப் போடவில்லை. மாற்கு சுவிசேஷம் 12ஆம் அதிகாரத்தில், மோசேயின் நூலிலுள்ள ஒரு பகுதியைச் சுட்டும்போது அங்கே வருகிற முட்செடியைச் சொல்லித்தான் இடம் காட்டப்படுகிறது. எபிரெயர் நிருபத்தை எழுதியவரோ, 2ஆம் அதிகாரத்தில் ஒரு சங்கீதத்தை எடுத்தாளும்போது, யாரோ ஒருவர் எங்கோ ஓரிடத்தில் சொன்னதாக மட்டும் குறித்துவிட்டுப் போகிறார். கேட்கிறவர்களுக்கு நூல் மனப்பாடம், முகவரி தேவைப்படவில்லை.

இன்று வழங்கும் அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் வகுத்தவை என்பர். பாரிசில் ஆசிரியராக இருந்து பின்பு காண்டர்பரி பேராயரான இவர் 1228இல் காலமானார். 1230 வாக்கில் பாரிசிலிருந்த டொமினிக்கன் துறவியர், செயிண்ட்-ஷேர் ஹியூ என்பவர் தலைமையில், லத்தீன் பைபிளுக்குச் சொல்லடைவு தொகுத்தார்கள். அப்போது வசன எண் கிடையாது. ஆகவே ஒவ்வொரு அதிகாரத்தையும் மனத்தால் ஏழு கூறாக்கி, ஏழு எழுத்துகளால் குறித்தார்கள். இன்று நாம் காணும் புதிய ஏற்பாட்டு வசன எண்கள் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் 1551இல் போட்டவை. 1560இல் ஜெனீவா பைபிள் இந்த எண்களோடு முழு ஆங்கில வேதத்தையும் வெளியிட்டது.

அதற்குப் பிறகு வந்தவர்களில் எனக்குப் பிடித்தவர் அலெக்சாண்டர் குரூடன். லண்டனில் புத்தகக் கடை வைத்திருந்தவர், நம்ம இனம். பெரிய சொல்லடைவு ஒன்றைத் தனி ஆளாகச் செய்து 1737இல் வெளியிட்டார். 1890இல் வந்த ஜேம்ஸ் ஸ்ட்ராங்கின் சொல்லடைவு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. எபிரெயச் சொற்களுக்கு 8674 வரையிலும் கிரேக்கச் சொற்களுக்கு 5624 வரையிலும் எண் கொடுத்தார். மூலமொழி தெரியாதவனும் மூலச்சொல்லைத் தொட்டுப் பார்க்க அதனால் வழி பிறந்தது. 1957இல் ஜான் எலிசன் என்ற பாதிரியார் கணினியைக் கொண்டு ஒரு சொல்லடைவை வெளியிட்டார். பின்னர் வீட்டுக் கணினிகளுக்கு 1992இல் லோகாஸ், 1994இல் அக்கார்டன்ஸ், 2000இல் ரிக் மேயர்ஸ் இலவசமாகத் தந்த ஈ-ஸ்வோர்டு என்று வரிசையாக வந்தன. அறிஞர்கள் பெரிதும் நம்பியிருந்த பைபிள்வொர்க்ஸ் 2018இல் கடையை மூடிவிட்டது.

இந்த வரலாற்றை ஏன் இவ்வளவு விரிக்கிறேன் என்றால், எண் என்பது வேதத்தின் பகுதி அல்ல. வேதத்தின் மேல் பிற்காலத்தார் ஒட்டிய சீட்டு. திரையில் பார்க்கிறவனுக்கு அது தெரிவதில்லை. வசனமும் எண்ணும் ஒரே எழுத்தில், ஒரே வரியில், கூடப் பிறந்தவைபோல நிற்கின்றன.

எண் ஒன்று, இடம் இரண்டு

சீட்டை ஒட்டியவர்கள் பலர். எல்லாரும் ஒரே மாதிரி ஒட்டவில்லை. எபிரெயப் பதிப்பில் சங்கீதங்களின் தலைப்பும் வசனமாக எண்ணப்படும். அதனால் நம் புழக்கத்தில் சங்கீதம் 51:1 என்பது எபிரெயத்தில் 51:3. பழைய லத்தீன் பைபிளில் 9ஆம் 10ஆம் சங்கீதங்கள் ஒன்றாகவே எண்ணப்பட்டதால், மேய்ப்பனைப் பற்றிய புகழ்பெற்ற 23ஆம் சங்கீதம் அங்கே 22. யோவேல் 2:28இல் தொடங்கும் பகுதி எபிரெயத்தில் 3:1. மல்கியாவுக்கு நம்மிடம் நாலு அதிகாரம், எபிரெயத்தில் மூன்றே.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உள்ள சங்கடம் அல்ல. என் கடைக்கு எதிர்க்கடைக்காரர் குஜராத்தி சுவேதாம்பரர். ஒருநாள் தத்துவார்த்த சூத்திரத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. தோன்றல், அழிதல், நிலைத்தல் மூன்றும் கூடியதே உள்பொருள் என்னும் சூத்திரத்தை நான் 5ஆம் அத்தியாயம் 30 என்றேன். "இல்லை பாய், 29" என்றார் அவர். அவரவர் புத்தகத்தைக் கொண்டுவந்து பார்த்தோம். இரண்டு பேர் சொன்னதும் சரி! திகம்பரப் பாடத்தில் சூத்திரங்கள் 357, சுவேதாம்பரப் பாடத்தில் 344. எங்கள் 29ஆம் சூத்திரம் அவர்களிடம் இல்லை. ஆகவே எங்கள் 30 அவர்களுக்கு 29. நூல் ஒன்று, கொள்கை ஒன்று, முகவரி மட்டும் வேறு.

நல்ல பைபிள் மென்பொருள்கள் இதற்கென மாற்று அட்டவணை வைத்துக்கொண்டு, ஆங்கிலமும் எபிரெயமும் அக்கம்பக்கமாக நிற்கும்படி செய்கின்றன. பாராட்டத்தக்க வேலை. ஆனால் பெரும்பாலும் வாய் திறக்காமல் செய்துவிடுகின்றன என்பதே என் குறை. "இங்கே எண் மாறுகிறது" என்று ஒரு சின்னக் குறியாவது வேண்டும். அப்போஸ்தலர் நடபடிகள் 8:37ஐத் தேடுகிறவனுக்குச் சில புதிய மொழிபெயர்ப்புகளில் ஒன்றுமே கிடைக்காது. 36க்குப் பிறகு நேரே 38. பழைய கையெழுத்துப் பிரதிகள் பலவற்றில் அது இல்லை என்று பதிப்பாசிரியர்கள் விலக்கினார்கள்; எண்ணை மட்டும் காலியாக விட்டார்கள். வெறும் கட்டத்தைக் காட்டினால் படிக்கிறவன் மென்பொருள் பழுது என்று நினைப்பானே தவிர, அதன் பின்னே ஒரு பெரிய பாடபேத வரலாறு இருப்பதை எப்படி அறிவான்?

தமிழில் தேடினால்

தமிழ் புராட்டஸ்டண்ட் சபைகளில் பெரிதும் வழங்கும் பைபிள், ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு. இந்தப் பவர் யார் தெரியுமா? 1868இல் சீவகசிந்தாமணியின் முதற்பகுதியான நாமகள் இலம்பகத்தை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தவர். சமண காவியத்தில் ஊறிய கைதான் தமிழ் பைபிளையும் திருத்தியது. ஆக, எங்களுக்கும் அந்த மொழிபெயர்ப்புக்கும் தூரத்து உறவு உண்டு.

அந்தத் தமிழைத் தேடுகருவிக்குள் போட்டால் என்ன ஆகிறது? முதல் தொல்லை நூற்பெயர். யோசுவா, யோபு, யோவேல், யோனா, யோவான் என்று "யோ"வில் தொடங்கும் நூல்களே ஐந்து. யோவான் நிருபங்கள் மூன்றும் தனி. "யோ 3:16" என்று தட்டினால் கருவி எதை எடுக்கும்? 1995இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பில் ஆதியாகமம் தொடக்கநூல் ஆயிற்று. யாத்திராகமம் விடுதலைப் பயணம் ஆயிற்று. சங்கீதம் திருப்பாடல்கள் ஆயிற்று. ஒரு சபையார் சொல்லும் முகவரி இன்னொரு சபையாரின் கருவிக்குப் புரிவதில்லை. யூதா நிருபம் போல ஒரே அதிகாரமுள்ள நூல்கள் ஐந்து இருக்கின்றன. "யூதா 5" என்றால் ஐந்தாம் வசனம் என்று மனுஷனுக்குத் தெரியும். கருவிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இரண்டாவது தொல்லை நம் இலக்கணம். "மரம்" என்று தேடிப் பாருங்கள். மரத்தில், மரத்தை, மரங்கள், மரமும் எதுவும் வராது. சரி, "மர" என்று குறைத்துத் தேடலாமே என்றால், மரணம் வருகிறது, மரித்தான் வருகிறது, மரியாளும் வந்து நிற்கிறாள்! ஆங்கிலத்துக்காகச் செய்த கருவி சொல்லை வெறும் எழுத்துக் கோவையாகப் பார்க்கிறது. தமிழ்ச் சொல்லோ வேற்றுமை ஏற்றுத் திரியும், புணர்ச்சியில் உருமாறும். பகுதி எது, விகுதி எது, சாரியை எது என்று நன்னூலார் வகுத்துவைத்தது பள்ளிக்கூடப் பரீட்சைக்கு மட்டும்தான் என்று இருந்துவிட்டோம். கணினிக்குத்தான் அது முதலில் தேவை.

மூன்றாவது, எழுத்துரு. யூனிகோடு பரவுமுன் ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சு செய்த பிரதிகள் பல உண்டு. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. யூனிகோடிலும் "கொ" என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒழுங்கு செய்யாத கருவிக்கு இரண்டும் வேறு.

ஆங்கிலத்திலும் சொல் தேடல் முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரம் அன்பைப் பற்றியது என்பது ஊரறிந்தது. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில் "லவ்" என்று தேடுங்கள். அந்த அதிகாரத்தில் ஓரிடத்திலும் வராது. அங்கே அவர்கள் இட்ட சொல் "சாரிட்டி". ஸ்ட்ராங்கின் கிரேக்க எண் 26ஐக் கொண்டு தேடினால்தான் கிடைக்கும். இங்கே கருவியின் பெருமையைச் சொல்லியாக வேண்டும். சொல்லின் சட்டை மாறினாலும் ஆளை அடையாளம் காட்டும் இந்த எண்முறைக்கு ஈடாகச் சிந்தாமணிக்கு நம்மிடம் ஒன்றும் இல்லை.

யார் பேச்சு இது?

இனிச் சொல்லப்போவதே என் முக்கியமான குறை. முகவரி சரியாக இருந்து, எழுத்து சரியாக இருந்து, வசனமும் பிழையின்றி வந்து நின்றபிறகும் ஒரு கேடு நடக்கலாம்.

நம்மவர் கடைகளிலும் வீடுகளிலும் யோபு 8:7 என்ற வசனத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதைப் பலர் பார்த்திருக்கலாம். சின்னதாக ஆரம்பித்தது கடைசியில் பெரிதாகப் பெருகும் என்ற கருத்துடையது. கடை திறப்பவனுக்கு இதைவிட இனிய சொல் வேறென்ன? மளிகைக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலி நண்பர் ஒருவரிடம், "இது யார் சொன்னது தம்பி?" என்று கேட்டேன். "யோபுதான் அண்ணாச்சி, கீழே போட்டிருக்குல்லா" என்றார். இரண்டு பேருமாகக் கணினியில் அதிகாரத்தை முதலிலிருந்து படித்தோம். பேசுவது யோபு இல்லை, சூகியனான பில்தாத். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கும் யோபுவிடம், உன் பிள்ளைகள் செய்த பாவத்துக்குத்தான் தண்டனை, நீ யோக்கியனாக இருந்தால் எல்லாம் திரும்பிவரும் என்று குத்திப் பேசுகிற பேச்சின் நடுவிலே வருகிற வரி அது. நூலின் முடிவில், 42:7இல், பில்தாத் உள்ளிட்ட மூன்று நண்பர்களும் சரியானதைப் பேசவில்லை என்று கர்த்தரே கடிந்துகொள்கிறார்.

இதனால் அவர்கள் பேச்சு முழுவதும் தள்ளுபடி என்று நான் சொல்ல வரவில்லை. 1 கொரிந்தியர் 3:19இல் பவுல் எடுத்தாளுவது அதே நண்பர்களில் ஒருவனான எலிப்பாசின் வாக்கைத்தான். ஆனால் எடுத்தாளுகிறவன் யாருடைய வாயிலிருந்து எடுக்கிறோம் என்று தெரிந்து எடுக்கணும். "யோபு 8:7" என்ற முகவரி அதை மறைக்கிறது. நூலின் பெயரே பேசியவன் பெயர்போல ஆகிவிடுகிறது.

இது நம் இளைஞர்களுக்கு நான் அடிக்கோடிட்டுச் சொல்ல விரும்பும் இடம். அ. சக்கரவர்த்தி அவர்கள் 1936இல் பதிப்பித்த நீலகேசி முழுக்க முழுக்க வாத நூல். குண்டலகேசி வாதம், அர்க்கசந்திர வாதம், மொக்கல வாதம், ஆசீவக வாதம், சாங்கிய வாதம் என்று வரிசையாகப் பிறர் கொள்கையை முன்னே நிறுத்திப் பின்னே மறுக்கும். அதைப் பாட்டு பாட்டாக வெட்டி எண் கொடுத்துத் தேடலுக்கு விட்டால், "ஆன்மா" என்று தேடுகிற பையனுக்கு ஆன்மா இல்லை என்கிற பௌத்தர் தரப்புப் பாட்டு வந்து நிற்கும். மேலே "நீலகேசி" என்று முகவரி இருக்கும். "சமணர் கொள்கை இதுதான்" என்று அவன் நாலு பேருக்குத் தைரியமாக அனுப்பிவிடுவான். கிறிஸ்தவர்கள் கோடிக்கணக்கானவர்கள். ஒருவன் தப்பாகச் சொன்னால் திருத்த ஆயிரம் போதகர் உண்டு. நாங்கள் மிகச் சிறு கூட்டம். எங்கள் நூலைப் பற்றித் தப்பு ஒன்று பரவினால் திருத்த ஆள் கிடையாது.

கடிதத்தில் ஒரு வரி

இன்னொரு உதாரணம், பிழைக்க வந்த ஊரில் சங்கம் வைத்திருக்கும் நமக்கு நெருக்கமானது. எரேமியா 29:11, நல்ல எதிர்காலத்தை வாக்களிக்கும் வசனம். வாழ்த்து அட்டைகளில் நிறையக் காணலாம். ஆறுதல் தேடுகிறவர்களுக்குப் பல கருவிகள் முதலில் எடுத்துத் தருவதும் இதைத்தான். ஆனால் அந்த 29ஆம் அதிகாரத்தின் பெரும்பகுதி ஒரு கடிதம். பாபிலோனுக்குக் குடிபெயர்க்கப்பட்ட மக்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பியது. 5 முதல் 7 வரை என்ன சொல்கிறார்? அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணுங்கள், இருக்கிற ஊரின் நன்மைக்காக வேண்டிக்கொள்ளுங்கள், அந்த ஊர் நன்றாயிருந்தால்தான் நீங்களும் நன்றாயிருப்பீர்கள் என்கிறார். சீக்கிரம் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டுகிறவர்களை நம்பாதீர்கள் என்று 8, 9இல் எச்சரிக்கிறார். எழுபது வருஷம் ஆகும் என்பது 10இல். அதற்குப் பின்புதான் 11.

எழுபது வருஷம் என்றால் கடிதத்தைக் கையில் வாங்கியவர்களில் அநேகர் திரும்பமாட்டார்கள் என்று அர்த்தம். அவ்வளவு கனத்தைத் தூக்கி வைத்த பிறகு சொல்லப்பட்ட ஆறுதல் அது. ஒரு வரியை மட்டும் உருவி எடுத்தால் அது வெறும் நல்வாக்காகிவிடுகிறது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் இரண்டு மூன்று தலைமுறையாக வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, "அடுத்த வருஷம் ஊருக்குப் போயிடலாம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிற நமக்கு, 11ஐவிட 7ஆம் வசனம் அல்லவா பேசுகிறது? தேடுகருவி அதைக் காட்டவில்லை. அதிகாரம் முழுவதையும் படித்தபோதுதான் கிடைத்தது.

இங்கே பழி முழுவதையும் கருவிமேல் போடுவது நியாயமில்லை. வசனத்தைத் தனியாகப் பிய்த்துக் காட்டும் அதே மென்பொருளில் ஒரு தட்டுத் தட்டினால் முழு அதிகாரமும் விரியும். சுமார் ஐந்து லட்சம் ஒப்புமைக் குறிப்புகள் கொண்டது என்று சொல்லப்படும் பழைய தொகுப்பு நூல் ஒன்றுகூட இலவசமாகவே கூட வருகிறது. வசதி இருக்கிறது. ஆனால் எது முதலில் கண்ணில் படுகிறதோ அதோடு நின்றுவிடுவது மனுஷ சுபாவம். கடையில் முன்வரிசையில் அடுக்கிய பாத்திரம்தான் முதலில் விற்கும். இது எந்த வியாபாரிக்கும் தெரிந்த சேதி.

நமக்கு வேண்டியது

ஆகவே சமண நூல்களுக்கோ வேறெந்தத் தமிழ் நூலுக்கோ தேடுகருவி செய்ய முனைவோருக்கு என் விண்ணப்பம் இது. வசனம் தேடினால் அது இருக்கும் பகுதி முழுவதும், தொடங்கும் இடம் முதல் முடியும் இடம் வரை, முதலில் வரட்டும். தேடிய வரிக்கு நிறம் கொடுத்தால் போதும். வாத நூலிலும் காவியத்திலும் பேசுகிறவர் பெயர் பக்கத்திலேயே நிற்கட்டும். பதிப்புக்குப் பதிப்பு எண் மாறினால் இரண்டு எண்ணையும் காட்டட்டும். நூற்பெயரைப் பழைய பெயராலும் புதிய பெயராலும் கேட்க இடமிருக்கட்டும். தமிழ்ச் சொல்லின் பகுதியை அறிந்து தேடும் அறிவைக் கருவிக்குப் புகட்டுங்கள். ஸ்ட்ராங் செய்ததுபோல் சொல்லுக்கு எண் கொடுக்கும் வேலையையும் யாராவது தொடங்குங்கள். இவற்றில் பாதியைப் பைபிள் மென்பொருள்களிடமே கற்றுக்கொள்ளலாம். மீதிப் பாதி அவர்களிடம் விட்டுப்போனது.

ஒன்றை மட்டும் எந்தக் கருவியும் தராது. உ. வே. சாமிநாதையர் 1887இல் சிந்தாமணியை முழுமையாகப் பதிப்பிக்குமுன், பாட்டு இருக்கும் இடம் தெரிந்தும் பொருள் விளங்காமல் தவித்திருக்கிறார். விளக்கம் கேட்டுக் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போனார். அந்த நூலை வழிபாட்டோடும் வாழ்க்கையோடும் சேர்த்துப் படித்துவந்த குடும்பங்கள் அவருக்குச் சொல்லிக்கொடுத்தன. கிறிஸ்தவ நண்பர்களுக்கும் இதையே சொல்வேன். வசனம் திரையில் வந்ததும் கணினியை மூடிவிடாமல், அதே அதிகாரத்தைப் படித்துப் பழகிய ஒரு பெரியவரிடம் ஒருதரம் கேட்டுப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்லித்தரக்கூடிய பெரியவர்கள் இப்போதும் சிலர் இருக்கிறார்கள். நூலைக் கணினியில் ஏற்றும் வேலையோடு, அவர்கள் சொல்லும் பொருளையும் உடனே பதிந்து வைத்துக்கொள்வது நல்லது.